விளைச்சல் கட்டம்

ஜெகபர் பாய் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்கப்புறம் ஜெயக்குமாருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"சார், இந்த மியூச்சுவல் ஃபண்டுல பன்னெண்டு தடவை யூனிட் வாங்கினதா எழுதியிருக்கீங்க. ஆனா உங்க பேங்க்ல இருந்து ஒரு தடவைகூட பணம் போகலையே. பின்ன எதை வெச்சு வாங்கினீங்க?"

மன்னார்புரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஏசி ஓடியும் குளிராத அறை அது. வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது பாயின் தொழில். ஜூலை மாதம் வந்துவிட்டால் அந்த மாடிப்படி வரைக்கும் ஆள் நிற்கும். ஜெயக்குமார் இதுவரை அங்கே போனவன் இல்லை. கம்பெனியில் கொடுக்கிற காகிதத்தை வைத்து அவனே தாக்கல் செய்துவிடுவான். இந்த வருஷம் ஃபண்டை விற்கப் போவதால், எவ்வளவு வரி வரும் என்று கேட்கத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி.

அவன் துவாக்குடியில் பாய்லருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கேட்டுக்குள் வருகிற ஒரு போல்ட்டைக்கூட எண்ணாமல் விடமாட்டான். ஆனால் எண்ணுவதோடு அவன் வேலை முடிந்தது. யார் அனுப்பினார்கள், காசு யார் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அக்கவுண்ட்ஸ்காரர்கள் பாடு. வந்ததா, எண்ணு, எழுது, அடுக்கு. அந்தக் கையோடுதான் வீட்டிலும் கணக்கு சாஃப்ட்வேரில் எழுதி வந்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபண்டிலிருந்து மெசேஜ் வரும், இத்தனை யூனிட் சேர்ந்திருக்கிறது என்று. அவன் 'வாங்கியது' என்று ஒரு வரி போடுவான். சாஃப்ட்வேர் சும்மா விடாது. பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்று கேட்கும். பட்டியலின் கடைசியில் 'சரிக்கட்டல்' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்துவான். சாஃப்ட்வேர் வாயை மூடிக்கொள்ளும்.

இப்படிப் பன்னிரண்டு தடவை.

"அது நீங்க வாங்கினது இல்லைங்க சார்," என்றார் பாய். "ஃபண்டு உங்களுக்கு டிவிடெண்ட் குடுத்திருக்கு. அதைக் கையில குடுக்காம, அதுக்கும் யூனிட்டாவே வாங்கிப் போட்டிருக்கு. அப்படின்னா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எழுத்து எழுதணும். வருமானம் வந்துச்சுன்னு ஒண்ணு, அந்த வருமானத்துல வாங்கினேன்னு ஒண்ணு. நீங்க ரெண்டாவதை மட்டும் எழுதிட்டீங்க. யூனிட் சரி, விலை சரி, வருமானம் மட்டும் பூஜ்யம்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரே சிரித்தார். "போன வருஷம் மட்டும் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலை பாருங்க."

பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஜெயக்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. வருமானம் என்று பாய் சொன்னதற்கு அவன் வீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஆறு வருஷமாக அவன் யாரிடமும் எடுத்ததில்லை.

அவன் அப்பா வீரமலைக்குப் பச்சைமலை அடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் இருந்தது. கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் அதை விற்றார். பரம்பரைச் சொத்து என்பதால் பத்திரத்தில் மகள் வேணியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டுப் போனாள். மகளுக்கும் சமபங்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. வீரமலைக்குச் சட்டத்தோடு பெரிதாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் ஊர் வழக்கம்தான் அவருக்குத் தெரியும். நிலம் மகனுக்குப் போகும். அறுவடைக்கு அறுவடை மகள் வீட்டுக்கு மூட்டை போகும்.

விற்றுக் கிடைத்த பத்து லட்சத்தையும் மகன் பெயரில் ஃபண்டில் போட்ட அன்றைக்கு, கே.கே. நகர் வாடகை வீட்டு ஹாலில் ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "நிலமா இருந்தா என்ன பண்ணியிருப்பேனோ அதுதான் இதுக்கும். முதல் உன்னோடது. விளைச்சல் வேணியோடது. அதுல நீ கைய வெக்கக் கூடாது."

"எதுக்குப்பா இதெல்லாம் இப்ப," என்று வேணி எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். அந்த வருஷம் ஐப்பசியில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

ஃபண்டுக்கு விண்ணப்பம் நிரப்பிய ஏஜெண்ட், காசு கைக்கு வந்தால் செலவாகிவிடும் என்று சொல்லி, மறுமுதலீடு என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தான். அதனால் விளைச்சல் என்று எதுவும் ஜெயக்குமார் கைக்கு வரவில்லை. கைக்கு வராததை அவன் கொடுக்கவும் இல்லை. வேணி கேட்கவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மனுஷன் எத்தனை நிம்மதியாக இருக்கலாம்! ஆறு வருஷம் இருந்தான்.

ஆனால் முழுக்கத் தெரியாதா? அதைத்தான் பைக்கில் வீடு வரும் வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தான். தெரியாத ஆள் எதற்காகப் பன்னிரண்டு தடவையும் 'சரிக்கட்டல்' என்பதைத் தேடிப் பிடித்து அழுத்துகிறான்? சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்று, பின்னால் வந்த ஆட்டோக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வீட்டில் மனைவி அமிர்தம் ஒரு நோட்டும் இஞ்ச் டேப்புமாக உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வாங்கப் போகிற வீட்டுக்குக் கர்ட்டன் அளவு எழுதிக்கொண்டிருந்தாள். அதே கே.கே. நகரில், மூன்று தெரு தள்ளி, ரெண்டு படுக்கையறை, பழைய வீடுதான். முன்பணம் ஒரு லட்சம் கொடுத்தாயிற்று. பேங்க் லோன் போகக் கையிலிருந்து பதினைந்து லட்சம் வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பதிவு கிடையாது என்று வீட்டை விற்பவர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பதிவு. திங்கட்கிழமை ஃபண்டை விற்கச் சொன்னால்தான் வியாழனுக்குள் பணம் வந்து சேரும். இருபது வருஷமாக வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் கேட்டு நின்றவள் அமிர்தம். அவள் முகத்தைப் பார்த்து அன்றைக்கு அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தான். பாய் சொன்ன மாதிரி ஒவ்வொரு வரியாகத் திருத்தினான். 'வாங்கியது' என்பதை அழித்துவிட்டு 'டிவிடெண்ட் மறுமுதலீடு' என்று மாற்ற வேண்டும். ஒரு வரி மாற்றுவான். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பான். இன்னொரு வரி. மொட்டைமாடிக்குப் போய் டாங்க் நிறைந்துவிட்டதா என்று பார்ப்பான். மோட்டாரே போடவில்லை என்பது அங்கே போனபிறகுதான் ஞாபகம் வரும். பன்னிரண்டு வரி திருத்தப் பதினொரு மணி ஆகிவிட்டது. அப்புறம் வருமானம் என்ற பக்கத்தைத் திறந்தான். ஆறு வருஷமாக வெறும் கட்டமாகக் கிடந்த பக்கம். மேலிருந்து கீழே வரை எண்ணாக நின்றது.

மொத்தம் எண்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு யூனிட். அதில் அப்பா காசில் வாங்கியது ஐம்பதாயிரம். மிச்சம் முப்பத்தோராயிரத்துச் சொச்சமும் விளைச்சலில் வந்தது. வெள்ளிக்கிழமை விலைக்குக் கணக்குப் போட்டால் ஆறு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து அறுநூற்று எழுபத்து நாலு ரூபாய், எண்பது பைசா. ஸ்டோர் கீப்பருக்கு ஒரு எண்ணை ஒரு தடவை பார்த்தால் போதும், பல்லில் சிக்கிய நார் மாதிரி அது போகாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பத்து லட்சத்துக்கு வாங்கிய அந்த ஐம்பதாயிரம் யூனிட் இன்றைக்கு ஒன்பது லட்சத்து எழுபதாயிரம்தான் பெறும். ஆறு வருஷம் கழித்து முதல் குறைந்திருக்கிறது! உடனே பாய்க்கு போன் போட்டான்.

"அது அப்படித்தாங்க சார்," என்றார் பாய், வாயில் எதையோ மென்றுகொண்டே. "டிவிடெண்ட் குடுக்கற அன்னிக்கே யூனிட் விலை அந்த அளவுக்கு இறங்கிடும். அது எங்கேயோ வெளியில இருந்து வர்ற காசு இல்ல. உங்க முதல்ல இருந்தே வெட்டித்தான் உங்களுக்குக் குடுக்கறான்."

ஜெயக்குமாருக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. நிலத்தில் நெல் அறுத்தால் நிலம் குறைவதில்லை. இங்கே அறுக்க அறுக்க நிலமே குறைகிறது. அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா? நியாயம் தன் பக்கம் இருப்பதாக ஒருவனுக்குத் தோன்றிவிட்டால் அவன் கை எவ்வளவு வேகமாக எழுதுகிறது! ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வரிசையாகப் போட்டான். முதல் ஐம்பதாயிரம் யூனிட்டுக்கு வந்த விளைச்சல் மட்டும்தான் வேணியோடது, வரி பிடித்தது போக நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம். விளைச்சலுக்கு வந்த விளைச்சல், பார்த்துக்கொண்டவனுக்கு. முதல் தொகையில் குறைந்த முப்பதாயிரம் கழிக்க வேண்டும். அப்புறம் ஒரு நொடி பேனாவை உதறிவிட்டு, 'ஏற்கெனவே கொடுத்தது, பன்னிரண்டாயிரம்' என்று எழுதிக் கழித்தான். ஆக நாலு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்.

அந்தப் பன்னிரண்டாயிரம் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அப்பா இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் மஞ்சள்கொத்தும் அரிசியும் வெல்லமுமாகத் தலையில் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவார். அவர் போனபிறகு அந்தப் பொறுப்பு அண்ணன் தலையில். அண்ணனுக்குக் கரும்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறக் கூச்சம். போகிற வழியில் ஒரு கவர் வாங்கி, நாலு ஐந்நூறு ரூபாய்த் தாளை உள்ளே வைத்து, வாசலிலேயே நின்று, "இந்தா, வெச்சுக்க," என்று கொடுத்துவிட்டு வந்துவிடுவான். ஆறு பொங்கல். ஆறு ரெண்டாயிரம்.

நாலு நாற்பத்து நாலு என்றால் வீடு தப்பிக்கும். கைக்கு மூன்றரை லட்சம் குறையும். கம்பெனி சொசைட்டியில் லோன், அமிர்தத்தின் செயின், எப்படியோ புரட்டிவிடலாம். ஆறு லட்சத்துச் சொச்சம் என்றால் வீடு இல்லை. கொடுத்த முன்பணமும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டில் அமிர்தத்திடம் சொன்னான். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஏங்க, அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலை."

"நான் குடுக்கவே வேணாம்னு சொல்லலைங்க. எனக்கும் மனசாட்சி இருக்கு. வெள்ளிக்கிழமை பதிவு முடியட்டும். ஆடி போகட்டும். ஆவணியில சொல்லுவோம். ஆறு வருஷம் சும்மா இருந்தாங்க, இன்னும் ரெண்டு மாசம் இருக்க மாட்டாங்களா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஆவணியில் கர்ட்டன் பாக்கி இருக்கும், புரட்டாசியில் கிரில் பாக்கி இருக்கும். 'சரிக்கட்டல்' பதிமூன்றாவது தடவையும் பட்டியலின் கடைசியில் காத்துக்கொண்டுதான் இருக்கும். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நாலு நாற்பத்து நாலுன்னு சொல்லிட்டு வரேன்," என்றான் செருப்பை மாட்டிக்கொண்டே. அமிர்தம் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

பைக்கை எடுக்கவில்லை. இன்றைக்கு இருக்கிற நிலைமையில் எங்கேயாவது கொண்டுபோய் மோதிவிடுவான் என்று அவனுக்கே தெரிந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் அங்கிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினான். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிற கூட்டம் பிதுங்கியது. பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது காவிரியில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

மாம்பழச்சாலையில் இறங்க வேண்டியதே இல்லை, இறங்கிவிட்டான். ஒரு டீ சொன்னான். டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். சத்திரம் திரும்புகிற பஸ் ஒன்று எதிரில் வந்து நின்றது. சாலையைத் தாண்டி அதன் படியில் ஒரு காலை வைத்தான். ஆவணியில் சொல்லிக்கொள்ளலாம்.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"இல்லைங்க."

"பின்ன என்னத்துக்குங்க படியில நிக்கறீங்க?" என்று விசில் ஊதிவிட்டார். பஸ் போய்விட்டது. மிச்ச தூரத்தை நடந்தான்.

அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வேணியின் வீடு. முன்னறையில் ரெண்டு பெரிய கிரைண்டர் ஓடும். இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்பதுதான் அவளுக்கும் அவள் வீட்டுக்காரர் மூக்கனுக்கும் பிழைப்பு. மூக்கன் மாவு வாளிகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு மெஸ்களுக்குப் போயிருந்தார். வேணி மட்டும் முழங்கை வரை மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாண்ணே! என்ன இப்படித் திடீர்னு? அண்ணி வரலையா?" கையைக் கழுவிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "காப்பி போடறேன், இரு."

"காப்பி வேணாம். உக்காரு. ஒரு கணக்கு சொல்லணும்."

கிரைண்டரை நிறுத்தினாள். திடீரென்று அறை அமைதியானது. அவனுக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது. தாளை எடுத்தான், விரித்தான், மேலேயிருந்து ஆரம்பிக்கத் தைரியம் வரவில்லை. கீழேயிருந்து ஆரம்பித்தான்.

"அப்பா அந்தப் பத்து லட்சத்துக்கு விளைச்சல்னு சொன்னார்ல, உனக்குன்னு. அதைப் பத்தித்தான். மொதல்ல, ஏற்கெனவே உங்கிட்ட குடுத்தது ஒரு பன்னெண்டாயிரம் இருக்கு. அதைக் கழிச்சுக்கணும்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். எந்தப் பன்னெண்டாயிரம் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். வேணி கேட்கவில்லை. தலையை ஆட்டினாள்.

"ஆமாண்ணே. பன்னெண்டாயிரம்தான். நான் எழுதி வெச்சிருக்கேன், இரு."

உளுந்து மூட்டைக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தாள். மாவுக் கறை படிந்த நோட்டு. முன்பக்கம் முழுக்க அரிசி, உளுந்து, கரண்ட் பில். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள். ஒவ்வொரு தை மாதத்துக்கும் ஒரு வரி. ஆறு வரியிலும் ஒரே வாசகம்தான் இருந்தது. அப்பா விளைச்சல், ரெண்டாயிரம்.

"சரியா இருக்குல்ல?" என்றாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. கடையில் கணக்குப் பார்க்கிறவள் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள்.

சரியாகத்தான் இருந்தது. அவன் தாளும் அவள் நோட்டும் ஒரு ரூபாய் வித்தியாசமில்லாமல் ஒத்துப்போயின. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு ரெண்டாயிரத்துக்கும் கீழே இன்னொரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. கரும்பு ரெண்டு, மஞ்சள்கொத்து, வெல்லம்.

"இது என்ன?" என்றான்.

"அதுவா?" அவள் நோட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை. "ஒண்ணும் இல்லண்ணே. பொங்கலன்னிக்கு மாமியார் வீட்டுல எல்லாரும் வருவாங்க. பொறந்த வீட்டுல இருந்து என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க. வரலைன்னு சொல்ல வாய் வரல. நானே காந்தி மார்க்கெட் போய் வாங்கிட்டு வந்து, அண்ணன் குடுத்துட்டுப் போச்சுன்னு வாசல்ல சாத்தி வெச்சிடுவேன்." சிரித்தாள். "அப்பா காசுல வாங்கி அண்ணன் பேர்ல எழுதினேன். தப்புத்தான்."

ஜெயக்குமார் பிடித்திருந்த நோட்டை விட்டான். ஆறு பொங்கலும் வாசலில் நின்றபடியே கவரை நீட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பிப் போனது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு தடவையாவது, இது பொங்கல் சீர் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் விளைச்சல் எங்கே என்ற கேள்வி வந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அமிர்தம். அவன் எடுக்கவில்லை.

இப்போதுகூட ஒன்றும் கெட்டுவிடவில்லை. அவளே அப்பா விளைச்சல் என்று எழுதி வைத்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால் பன்னிரண்டாயிரம் மிச்சம், மேலே உள்ள வரிகளையும் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்வாள், வெள்ளிக்கிழமை பதிவு நடக்கும். அண்ணன் சீர் கொண்டுவராதவன் என்று நினைத்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் கொண்டுவந்தான் என்று சொல்லிக்கொண்டே, அடுத்த தையிலும் இவள் கரும்பு வாங்கப் போவாள்.

"அது விளைச்சல் இல்ல வேணி," என்றான்.

"எது?"

"அந்த ரெண்டாயிரம். ஆறு தடவையும். அது விளைச்சல் இல்ல. என் சம்பளத்துல இருந்து நான் குடுத்தது. பொங்கல் சீருன்னுதான் குடுத்தேன். வாயத் தொறந்து சொல்லலை. இன்னிக்குக் காலையில உக்காந்து, அதையே விளைச்சல்னு எழுதிக் கழிச்சுக்கிட்டேன். எனக்கே அசிங்கமா இருக்கு."

வேணி நோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"அப்ப நீ குடுத்ததா?"

"ஆமா."

"அப்பா போனதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேண்ணே." குரல் உடைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பிலிருந்த மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "அவங்ககிட்ட எல்லாம் அண்ணன் குடுத்த கரும்புன்னு பொய் சொல்றமேன்னு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடிச்சுக்கும். அது பொய்யே இல்லையா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் நோட்டில் செருகியிருந்த பேனாவை எடுத்தாள். முதல் தை. 'அப்பா விளைச்சல்' என்பதை அடித்தாள். பக்கத்தில் 'அண்ணன் சீர்' என்று எழுதினாள். அவசரமே இல்லாமல், ரெண்டாவது தை, மூன்றாவது தை. காலையில் அவன் பன்னிரண்டு வரி திருத்த எத்தனை தடவை எழுந்து எழுந்து ஓடினான். அவள் இருந்த இடத்தை விட்டு அசையாமல் ஆறையும் திருத்தினாள். அப்புறம் கீழே ஒரு கோடு இழுத்து, புதிதாக 'அப்பா விளைச்சல்' என்று எழுதி, ஒரு கட்டம் போட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இப்ப இது காலியா இருக்கு. சொல்லுண்ணே. எவ்வளவு?"

தாள் அவன் மடியில்தான் இருந்தது. நாலு நாற்பத்து நாலு. போன் மறுபடி அதிர்ந்தது. கர்ட்டன் அளவு எழுதிய அமிர்தத்தின் நோட்டு கண் முன்னால் வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒன்றும் தெரியவில்லை. தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், சட்டைப் பைக்குள் திணித்தான்.

"ஆறு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து அறுநூத்தி எழுபத்து நாலு ரூவா," என்றான். "எண்பது பைசா."

வேணியின் பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அண்ணன் விளையாடுகிறானா என்று முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து ஒவ்வொரு எண்ணாக, பெரிது பெரிதாக எழுதினாள். கடைசியில் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எண்பது பைசாவுமாண்ணே?"

"அதுவும் உன்னோடதுதான். எழுது," என்றான் ஜெயக்குமார்.